இன்டர்னின் நேரத்துக்கும் பில் போட்டிருக்கிறோம்

மார்ச் 3, திங்கள்

அடுத்த பேட்ச் இன்டர்ன்களுக்கான அறிவிப்பை எழுதித் தரச் சொல்லி, பழைய மாதிரி ஒன்றை எச்.ஆரிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மாதம், முழுநேரம், சொந்த லேப்டாப் அவசியம், ஸ்டைபெண்ட் கிடையாது, முடிவில் சர்டிபிகேட் உண்டு. லேப்டாப் வரியைத் தாண்டி எனக்கு மேலே படிக்க ஓடவில்லை. கருவியும் அவர்களுடையது, உழைப்பும் அவர்களுடையது, கூலி மட்டும் கேட்கக் கூடாதாம்.

அந்த மூன்று மாதமும் வாடகையை யார் கட்டுவது? வீட்டில் வசதி இருக்கிற பிள்ளை சமாளித்துக்கொள்ளும். இல்லாத பிள்ளை விண்ணப்பமே போடாது. பிறகு வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாமே "முன் அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்போம். அனுபவம் இருக்கிறவரை எடுத்துவிட்டு, திறமையைப் பார்த்து எடுத்தோம் என்றும் சொல்லிக்கொள்வோம். வராமலே போனவர்களின் திறமையை யாரும் பார்த்ததே இல்லை.

அறிவிப்பை இன்னும் எழுதவில்லை.

மார்ச் 5, புதன்

ராத்திரி எட்டரைக்கு நான் கிளம்பும்போதும் எங்கள் இன்டர்ன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் கிளம்பலையாம்மா?"

"ரெண்டு சார்ட் பாக்கி இருக்குக்கா. காலைல கிளையண்டுக்குப் போகணும்னு சார் சொன்னாரு."

"நாளைக்குப் பண்றேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"ரெகமண்டேஷன் லெட்டர் அவர்தானேக்கா தரணும்."

சம்பளக்காரர்கள் ஓவர்டைம் கேட்கலாம், லீவு கேட்கலாம், ரொம்பவும் பொறுக்க முடியாவிட்டால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்க்கலாம். இவள் பாதியில் போனால் இதுவரை உழைத்தது எதுவும் கணக்கிலேயே வராது. அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை எந்த வேலைக்கும் 'முடியாது' என்று அவள் வாயிலிருந்து வரப்போவதில்லை. நானும் உட்கார்ந்து ஒரு சார்ட்டை முடித்துக் கொடுத்தேன். இருவரும் சேர்ந்துதான் இறங்கினோம்.

மார்ச் 8, சனி

இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று நாள் முழுக்கப் படித்தேன். அமெரிக்காவில் இந்த வாதத்தின் வேர் 1947-இல் இருக்கிறது. ரயில் பிரேக்மேன் வேலைக்குப் பயிற்சி எடுத்தவர்களுக்குக் கூலி தர வேண்டியதில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பயிற்சி சராசரியாக ஏழெட்டு நாள்தான். அவர்கள் வேறு யாருடைய வேலையையும் எடுத்துக்கொள்ளவில்லை; நிறுவனத்துக்கு அவர்களால் உடனடி லாபமும் இல்லை. பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவர்களுக்காகச் சொன்ன தீர்ப்பு அது. மூன்று மாதம் முழுநேரம் உழைக்கிறவர்களுக்கு அதைக் குடையாகப் பிடிப்பது எந்த விதத்தில் நியாயம்?

2013-இல் ஒரு ஹாலிவுட் படத் தயாரிப்பில் சம்பளமில்லாமல் வேலை பார்த்த இன்டர்ன்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் ஊழியர்களே என்றார் நியூயார்க் நீதிபதி. மேல்முறையீட்டில் 2015-இல் அந்தத் தீர்ப்பு ரத்தாகி அளவுகோல் மாறியது: இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயன்பெறுவது இன்டர்னா, முதலாளியா? 2018-இல் தொழிலாளர் துறையும் அதையே எடுத்துக்கொண்டது. எனக்கு இது போதவில்லை. 'யாருக்குப் பயன்' என்பதை நிரூபிக்க, இருபத்தோரு வயதுப் பிள்ளை வக்கீல் வைத்து வழக்காட வேண்டியிருக்கிறது. பிரான்சில் அந்தச் சுமை இல்லை. இன்டர்ன்ஷிப் இரண்டு மாதத்தைத் தாண்டினால் பணம் தந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

என்னைத் தூங்கவிடாதது இன்னொரு வழக்கு. அதே 2013, அதே நியூயார்க். மேலதிகாரி பாலியல் தொல்லை கொடுத்தார் என்று ஓர் இன்டர்ன் நீதிமன்றம் போனாள். சம்பளம் வாங்காததால் நகரத்தின் மனித உரிமைச் சட்டப்படி அவள் ஊழியர் அல்ல, ஆகவே அந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். 2014-இல் நகரம் சட்டத்தைத் திருத்தி இன்டர்ன்களையும் சேர்த்தது. சம்பளச் சீட்டில் பெயர் இல்லையென்றால் பணத்தோடு சேர்ந்து பாதுகாப்பும் போய்விடுகிறது. நம் பிள்ளையை இப்படி ஓர் இடத்துக்கு அனுப்புவோமா?

மார்ச் 13, வியாழன்

கிளையண்டுக்குப் போன இன்வாய்ஸைச் சரிபார்க்கச் சொல்லி இன்று என்னிடம் தந்தார்கள். இணைப்பில் டைம்ஷீட். என் பெயர், மேனேஜர் பெயர், அதற்குக் கீழே 'ஜூனியர் அனலிஸ்ட்' என்று ஒரு வரி, மணிக்கணக்கு, தொகை. எங்கள் டீமில் ஜூனியர் அனலிஸ்ட் என்று யாரும் கிடையாது. தேதிகளை வைத்துப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமை ராத்திரிகூட அதில் இருந்தது.

நேராக மேனேஜரிடம் போனேன்.

"அவ கத்துக்கத்தான வந்திருக்கா? நாங்கள்லாம் இப்படித்தான் வந்தோம்."

"சார், கிளையண்ட் பணம் கொடுத்திருக்காங்க. அது அவளோட வேலைக்குத்தானே?"

"அவளுக்குச் சொல்லிக் கொடுக்கறதுல நம்ம நேரம் எவ்வளவு போகுது, அதையும் பாருங்க."

போகிறதுதான், மறுக்கவில்லை. முதல் இரண்டு வாரம் ஒரே ஃபைலை நான் மூன்று தடவை திருத்த வேண்டியிருந்தது. ஆனால் புதிதாகச் சேரும் எந்த ஊழியருக்கும் சொல்லித்தானே கொடுக்கிறோம்? கற்கிற காலம் என்று அவர்களில் யாருடைய சம்பளத்தையும் பிடித்ததில்லை. ஒரு வாரம் கூடவே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிற மாணவருக்குப் பணம் தர வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்வேன். செய்த வேலையை விற்றுக் காசாக்கிய பிறகு எந்த வாதமும் எடுபடாது.

டைம்ஷீட்டைப் பிரதி எடுத்து இணைத்து, நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்டேன். "என் பேரு வருமாக்கா?" என்று பயந்தாள். 'ஜூனியர் அனலிஸ்ட்' என்றே எழுதினேன், இன்வாய்ஸில் இருந்தபடி.

மார்ச் 21, வெள்ளி

பதில் வந்தது. அடுத்த பேட்ச் முதல் ஸ்டைபெண்ட் உண்டு, லேப்டாப் அலுவலகமே தரும். இப்போது இருப்பவளுக்கு இந்த மாதத்திலிருந்து. முடிந்துபோன மாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. ஒரு டியூஷன் எடுப்பதை நிறுத்தலாம் என்றாள். இங்கே வேலை முடித்துப்போய் டியூஷனும் எடுத்துக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

பழைய பாக்கிக்கு இரண்டாவது கடிதம் எழுதியாகிவிட்டது. ரெகமண்டேஷன் லெட்டர் ஒரே ஆளின் கையில் இருக்கக் கூடாது, டீமில் கூட வேலை பார்த்த யாரும் எழுதித் தரலாம் என்று விதியை மாற்றவும் கேட்டிருக்கிறேன். அவளுக்கான கடிதத்தை நான் இன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.