கீழே இறங்கினால் ஏறித்தான் ஆகவேண்டும்: மயோர்கா மலைகளில் ஆறு நாள் சைக்கிள்

சா கலோப்ரா என்ற மலைச்சாலைக்குப் போகிறவர்கள் விடிந்ததும் சைக்கிளில் ஏறிவிடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் மறக்காதீர்கள். நேரம் ஆக ஆக சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக இறங்க ஆரம்பித்துவிடும். ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றும் வந்து நின்றால், இடையில் மாட்டிக்கொண்ட சைக்கிள்காரருக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் டீசல் புகை.

மயோர்கா ஸ்பெயினுக்குச் சொந்தமான மத்தியதரைக் கடல் தீவு. அதன் வடமேற்கு ஓரம் முழுக்க த்ராமுந்தானா மலைத்தொடர். 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நான் வேலை பார்க்கும் மியூனிக்கிலிருந்து இரண்டு மணி நேர விமானம். அங்கேயே மேல்படிப்பு படிக்கும் என் மச்சானையும் கூட்டிக்கொண்டு ஏப்ரல் கடைசியில் போய்வந்தேன். வழிகாட்டியோடு கூடிய பயணம்: ஆறு இரவு தங்கல், காலை உணவு, இரவு உணவு, பெட்டிகளைத் தூக்க ஒரு வேன். ஒருவருக்கு 1,240 யூரோ. சைக்கிள் வாடகை 210 யூரோ தனி. பணம் கட்டும்போது மனசு ஒப்பவில்லை. மலையில் ஓடுவது ஒரே ஒரு பிரதான சாலை, கையில் கைபேசி வரைபடம் இருக்கிறது, இதற்கு எதற்கு வழிகாட்டி என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. இப்போது சொல்கிறேன், அந்த மனிதருக்குக் கொடுத்த காசில் ஒரு யூரோகூட வீண் இல்லை. ஆனால் அவரை வேலைக்கு வைத்த நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

செலவு, சைக்கிள், சாலை, சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சா கலோப்ராவைச் சொல்லாமல் வேறு எதற்கும் கை போக மாட்டேன் என்கிறது.

நான் நாமக்கல்காரன். கொல்லிமலையின் 70 வளைவுகளில்தான் சைக்கிள் பழகினேன். அங்கே முதலில் ஏற்றம், சாயங்காலம் வீடு திரும்பும்போது சுகமான இறக்கம். சா கலோப்ரா அப்படியே தலைகீழ். 682 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோய் தெல்ஸ் ரெய்ஸ் கணவாயிலிருந்து கடல்மட்டம் வரை முதலில் இறங்க வேண்டும். கீழே ஒரு சின்னக் கடற்கரை, பக்கத்தில் தோரென்ட் தெ பாரெய்ஸ் என்ற மலைப்பிளவு, அவ்வளவுதான். சாலை அங்கேயே முடிகிறது. சைக்கிளில் வெளியே வர அதே சாலையில் திரும்ப ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒன்பதரை கிலோமீட்டர், சராசரியாக 7 சதவீத ஏற்றம், 26 கொண்டை ஊசி வளைவுகள்.

இந்தச் சாலையை வடிவமைத்தவர் அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர். 1932இல் போட்டது. மலையைக் குடைந்து நேராகப் போகாமல், மலை எப்படி மடிகிறதோ அப்படியே சாலையையும் மடித்திருக்கிறார். உச்சியிலிருந்து கொஞ்ச தூரம் இறங்கியதும் ஒரு வளைவு வரும். சாலை தன்னையே முக்கால் வட்டம் சுற்றிவந்து தன் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. உள்ளூரில் அதற்கு டை முடிச்சு என்று பெயர். நான் பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, ஓரமாக நின்று, ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் தார்ச் சாலை ஒன்றைப் பார்த்து எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

எங்கள் வழிகாட்டி ஐம்பது வயது தாண்டிய உள்ளூர்க்காரர். ஒவ்வொரு ஏற்றத்தின் அடியிலும் ஒரே வார்த்தைதான்: "அ பொக் அ பொக்." அவர்கள் பேசும் கத்தலான் மொழியில் மெதுமெதுவாக என்று அர்த்தம். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம், குறையுங்கள் என்பார். இறக்கத்துக்கு வேறு பாடம். வளைவுக்குள் போனபிறகு பிரேக் பிடிக்கக் கூடாது, அதற்கு முன்னாலேயே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. பதினைந்து வருஷமாகத் தப்பாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கீழே கடற்கரைக் கடையில் ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாறு 6 யூரோ. அநியாயம். பாட்டிலில் தண்ணீரும் சட்டைப்பையில் இரண்டு வாழைப்பழமும் கொண்டுபோங்கள்.

திரும்பி ஏறும்போது நாலாவது கிலோமீட்டரில் மச்சானுக்குத் தொடையில் பிடித்துக்கொண்டது. சைக்கிளை விட்டு இறங்கி ஓரத்துக் கல்சுவரில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, நீங்க போங்க. நான் வேன்ல வந்துடறேன்."

"போறதுன்னா ரெண்டு பேரும்தான் போறோம் மாப்ள. பேசாம உட்காரு."

பின்னால் வந்த வழிகாட்டி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வேனைக் கூப்பிடவில்லை. உப்பு கலந்த தண்ணீர் கொடுத்தார், ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார், காலை நீட்டிப் பிடித்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து, இருப்பதிலேயே லேசான கியரைப் போட்டுக்கொள், எனக்குப் பின்னாலேயே வா, முன்னால் பார்க்காதே, என் டயரை மட்டும் பார் என்றார். அப்படியே அவனை மேலே கொண்டுவந்து சேர்த்தார். உச்சியில் மச்சான் அழுதுவிட்டான். எனக்கும் கண் கலங்கியது. கைபேசி வரைபடம் இதைச் செய்யுமா?

கியர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு எடுக்கும்போது முன் பல்சக்கரங்களில் சின்னதில் 34 பல், பின் பல்சக்கரங்களில் பெரியதில் 32 பல் இருக்கிற சைக்கிளைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் பின்னால் 28 போதும் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். தீவின் வடக்கே உள்ள போயென்சா துறைமுகத்திலிருந்து சா கலோப்ரா போய்த் திரும்பினால் மொத்த ஏற்றம் 2,000 மீட்டருக்கு மேல்.

இப்போது நிறுவனத்தின் மேல் உள்ள கோபம். சின்னக் குழு, மலைக்கிராமங்களில் நிதானமான பயணம் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பதினான்கு பேர். அதில் பாதிப் பேர் பந்தயக்காரர்கள். வேகமானவர்கள் உச்சியில் கால்மணி நேரம் ஓய்வெடுப்பார்கள். நாங்கள் மூச்சு வாங்க மேலே போய்ச் சேரும் நிமிடத்தில் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு வேண்டியவனுக்கு ஓய்வே கிடையாது. இரண்டாம் நாள் ஃபெமெனியா கணவாய் ஏறி, யுக் மடாலயத்தைத் தாண்டி, கைமாரி, செல்வா என்ற ஊர்கள் வழியாக வந்தோம். யுக்கில் 13ஆம் நூற்றாண்டு முதல் இருக்கும் மடாலயம், கருப்பு மாதா சிலை, சிறுவர் பாடகர் குழு எல்லாம் உண்டு. நாங்கள் பார்த்தது அதன் வாகன நிறுத்துமிடத்தை மட்டும். கைமாரியின் தேவாலயத்தை 35 கிலோமீட்டர் வேகத்தில் பார்த்தோம். 1,240 யூரோ கொடுத்தது முன்னால் போகிறவரின் முதுகைப் பார்க்கவா?

மூன்றாம் நாள் இரவு நாங்கள் நாலு பேர் வழிகாட்டியிடம் இதை வெளிப்படையாகவே சொன்னோம். அவர் கோபப்படவில்லை, தனக்கும் அதே வருத்தம்தான் என்றார். அடுத்த நாளே வேகக்காரர்களை வேன் ஓட்டுநரின் தம்பியோடு அனுப்பிவிட்டு எங்களோடு வந்தார். உங்களுக்கும் இப்படி நடந்தால் கடைசி நாள்வரை பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே கேளுங்கள்.

அந்த நாலாம் நாள்தான் எனக்குப் பயணமே ஆரம்பித்தது. தீவின் உயர்ந்த சிகரமான புய்க் மயோரின் தோளில், கோர்க் பிளாவ், கூபெர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்களை ஒட்டிப் போகிறது சாலை. கழுத்து மணி கட்டிய ஆடுகள் சாலை நடுவில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றன. மேலே ஒரு சுரங்கப்பாதை. அதைத் தாண்டினால் சோயர் பள்ளத்தாக்கு மொத்தமும் காலடியில் விரிகிறது. அங்கிருந்து 14 கிலோமீட்டர் இறக்கம். வெயில் அடிக்கிறதே என்று காற்றுச்சட்டையை வேனில் போட்டுவிட்டேன். பாதி இறக்கத்தில் குளிரில் விரல் மரத்து பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. ஏப்ரலிலும் அந்தச் சட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்.

நடுங்கிக்கொண்டே ஃபோர்னலுச் என்ற ஊருக்குள் திரும்பினோம். சாப்பாட்டுக்கு வருகிறேன்!

நான் சைவம், முட்டை மட்டும் உண்டு. மூன்று இரவும் விடுதியில் தக்காளி பாஸ்தாவே போட்டு நாக்கு செத்துப்போயிருந்தது. ஃபோர்னலுச்சில் வழிகாட்டி ஒரு படிக்கட்டுச் சந்துக்குள் கூட்டிப்போனார். ஆறே மேசை. முதலில் பா அம்ப் ஒலி. தடிமனான ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, உப்புத் தூவியது. கொத்துக் கொத்தாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டுக் குளிர்காலம் முழுக்க வைத்திருக்கும் தக்காளி வகை ஒன்று இங்கே உண்டு, அதைத்தான் தேய்க்கிறார்கள். அப்புறம் தும்பெட். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடமிளகாய் மூன்றையும் தனித்தனியாகப் பொரித்து, மண்சட்டியில் அடுக்கி, மேலே தக்காளிக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். சட்டி சூடு கையில் ஏற ஏறத்தான் விரல்களுக்கு உயிர் வந்தது. கத்தரிக்காய் எண்ணெயில் குழைந்து வாயில் கரைந்தது. நான் இரண்டு சட்டி, மச்சான் மூன்று. கடைசியில் மாவே சேர்க்காமல் பாதாமும் முட்டையும் வைத்துச் செய்யும் கதோ என்ற கேக். எல்லாம் சேர்த்து ஆளுக்கு 19 யூரோ. ஐரோப்பாவில் இத்தனை வருஷத்தில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த மதியச் சாப்பாடு இதுதான்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுருள் வடிவில் என்சைமாதா என்று ஒரு இனிப்பு ரொட்டி, விமான நிலையம் முதல் எல்லா இடத்திலும் விற்கும். அதன் பெயரே பன்றிக்கொழுப்பைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல்லிலிருந்து வந்தது. வல்தெமோசா என்ற ஊரில் விற்கும் உருளைக்கிழங்கு பன்னிலும் பெரும்பாலும் அந்தக் கொழுப்பு சேரும். முதல் நாள் காலையில் நான் கையில் எடுத்துவிட்டேன், வழிகாட்டிதான் தடுத்தார்.

சாப்பிட்டபின் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். சில பழைய வீடுகளில் கூரை ஓரத்து ஓடுகளின் அடிப்பக்கத்தில் செந்நிறத்தில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள், அண்ணாந்தால்தான் தெரியும். பக்கத்து ஊர் பினியராய்ஷ். பினி என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் இந்தத் தீவில் நிறைய. இன்னாரின் மக்கள் என்று பொருள்படும் அரபுச் சொல் அது. 1229இல் அரகோன் அரசர் ஜெய்மே படையெடுத்து வரும்வரை தீவு முஸ்லிம்கள் ஆட்சியில் இருந்தது. மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்காகக் கல்சுவர் கட்டி ஆலிவும் ஆரஞ்சும் வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் இருவர் சரிந்த சுவரைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை, கல்லுக்குக் கல் பொருத்திப் பார்த்து வைக்கிறார்கள். சிமெண்ட் போட்டால் மழைத்தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும், இடுக்கு இருந்தால் வடிந்துவிடும் என்று வழிகாட்டி அவர்களிடம் கேட்டுச் சொன்னார். இந்தக் கலை 2018இல் யுனெஸ்கோவின் இன்னொரு பட்டியலில் ஏறியது. அரைமணி நேரம் நின்று பார்த்தோம், அதற்குள் நாலு கல்தான் வைத்தார்கள்.

சோயரில் இரண்டு இரவு. 1912 முதல் ஓடும் மர ரயிலும் 1913இன் டிராமும் அழகுதான், ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டோம். தீவின் தலைநகர் பால்மாவுக்குப் போகும் வண்டிகள் 1997இல் திறந்த சுரங்கச் சாலையில் போய்விடுவதால், பழைய சோயர் கணவாய்ச் சாலை சைக்கிளுக்கே விட்டது போலக் காலியாகக் கிடக்கிறது. ஏறத் தொடங்குகிறவர்கள் முதலில் அதில் ஏறிப் பாருங்கள்.

தெயா என்ற மலைக்கிராமம் அழகு, காப்பி விலை கொள்ளை. வல்தெமோசா எனக்குப் பிடிக்கவில்லை. 1838-39 குளிர்காலத்தைப் பியானோ இசையமைப்பாளர் ஷோபேன் அங்குள்ள மடத்தில் கழித்தார் என்பதற்காக வரும் கூட்டத்தில் சைக்கிளை நிறுத்தவே இடம் இல்லை.

சாலையில் ஓட்டுநர்களின் நடத்தையைப் பாராட்டியே ஆகவேண்டும். சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது ஸ்பெயின் சட்டம். விடுகிறார்கள். இடம் இல்லாவிட்டால் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே வருகிறார்கள். ஆறு நாளில் ஒருவர்கூட எங்களைத் திட்டவில்லை.

கடைசியாக வாடகைக் கடை. சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது கியர் மாற்றும் பாகமான பின் டெரெய்லரில் கீறல் இருக்கிறது என்று முன்பணத்தில் 95 யூரோ பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் முதல் நாளே இருந்தது, எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் நான் படம் எடுத்து வைக்கவில்லை. வழிகாட்டி போன் போட்டுச் சண்டை பிடித்தும் பலனில்லை. நேற்று இரவு மச்சான் தன் கைபேசியில் துழாவிக்கொண்டே இருந்தான். முதல் நாள் காலை விடுதி வாசலில் எங்கள் சைக்கிள்களை நிறுத்தி அவன் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தால் கீறல் தெளிவாகத் தெரிகிறது, தேதியும் நேரமும் படத்திலேயே இருக்கிறது. இன்று காலை கடைக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.