கோமுகியில் திரும்புகிற கோயில்

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருவாசலைத் தாண்டியதும், செருப்பில்லாத கால் கல்லில் சுட்டாலும் பரவாயில்லை என்று ஓர் இடத்தில் நிற்க வேண்டும். வாசலின் நட்டநடுவுக்கு நேரே வருகிற இடம் அது. அங்கிருந்து பார்த்தால் பலிபீடம், கொடிமரம், நந்தி மண்டபம், அதன் கூரைக்கு மேலே 216 அடி விமானம் எல்லாம் ஒரே நூலில் நிற்கும். விமானத்தின் இடப்பக்கச் சரிவு எப்படி ஏறுகிறதோ, வலப்பக்கமும் அச்சுப் பிசகாமல் அப்படியே ஏறும். உச்சியில் எண்கோணச் சிகரம், அதன் கீழே மூலைக்கு இரண்டாக நந்திகள். ஓர் அடி தள்ளி நின்றாலும் அந்த ஒழுங்கு கலைந்துவிடும்.

பிரதோஷத்தன்று அத்தையை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அத்தை கோலம் போடுகிறவர். விடியற்காலையில் வாசலில் குனிந்தால் புள்ளி எண்ணாமலே கை ஓடும். அவர் கண்ணுக்கு இந்த ஒழுங்கு உடனே பட்டுவிட்டது. "புள்ளிக்கோலம் மாதிரியேல்ல கட்டியிருக்கான்! இந்தப் பக்கம் ஒரு இழை இழுத்தா அந்தப் பக்கமும் ஒரு இழை இழுத்திருக்கான் பாருடா" என்றார்.

அவர் சொன்னது வெறும் வியப்பு இல்லை, கணக்காகவே சரி. கோயிலின் உள்முற்றம் ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். அதாவது இரண்டு சதுரங்களை ஒட்டி வைத்த அளவு. மேற்குச் சதுரத்தின் நடுவில் விமானம் நிற்கிறது. கருவறைக்கு முன்னால் வடக்கே ஒரு படிக்கட்டு இருந்தால் தெற்கேயும் ஒன்று உண்டு. விமானத்தின் சுவர் முழுக்கக் கோட்டங்கள், அதாவது சிலைகள் நிற்கிற மாடங்கள். சாளரம் வருகிற இடங்களில் இரு புறமும் துவாரபாலகர்கள். ஒருவர் வலக்காலை மடித்துக் கதாயுதத்தின் மேல் ஊன்றினால் எதிரில் இருப்பவர் இடக்காலை ஊன்றுவார். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி.

ராஜராஜன் திருவாசலில் நிற்கும் துவாரபாலகர்களை மட்டும் கொஞ்ச நேரம் அருகில் போய்ப் பாருங்கள். கோபுரத்தைத் தாங்குகிற அளவுக்குப் பெரிய உருவம். கதையைச் சுற்றிக் கிடக்கிற பாம்பு ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. யானையே இரை என்றால் பாம்பு எத்தனை பெரியது, அந்தப் பாம்பு சுற்றிய கதையை ஊன்றி நிற்பவர் எத்தனை பெரியவர்! அவரோ ஒரு விரலால் உள்ளே காட்டுகிறார். இன்னொரு கையை வியப்பில் விரித்திருக்கிறார். உள்ளே இருப்பவரின் அளவை அந்தக் கைதான் சொல்கிறது. இதே சேதியை இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இருவரும் சொல்லும்போது உள்ளே நுழைகிறவனுக்குத் தப்பிக்க வழியில்லை. கைகள் தாமாகக் குவிந்துவிடுகின்றன.

இவ்வளவு ஒழுங்காகக் கட்டிய கோயிலில் எதிர்ப்பக்கம் இணையே இல்லாத இடங்களும் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கண்டுபிடித்தவர் அத்தைதான். வடபுறத்தில் சண்டிகேசுவரர் சன்னிதி முன்னால் நின்று, இரு கைகளையும் மெல்லத் தட்டி, விரித்துக் காட்டினார். சிவன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று சொல்கிற வழக்கம். அப்புறம் விமானத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏன்டா, எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் வெச்சான். இவர மட்டும் ஏன் இந்தப் பக்கம் ஒத்தையா வெச்சான்? தெக்க இவருக்கு ஜோடி இல்லையே?"

நல்ல கேள்வி. பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சண்டிகேசுவரர் கோயில் சோழர் காலத்தது, மூலத் திட்டத்திலேயே இருந்தது. அம்மன் சன்னிதி அப்படி இல்லை. பெரியநாயகி அம்மன் 13ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் வந்தவள். வடமேற்கில் இருக்கும் சுப்பிரமணியர் கோயிலும், இப்போது அபிஷேகம் காண்கிற பெரிய நந்தியும் நாயக்கர் காலத்துப் பணிகள். ஒவ்வொரு காலத்தவரும் தங்கள் பக்தியைக் கல்லாக்கி வைத்தார்கள், முற்றத்தின் சமநிலை கொஞ்சம் வடக்கே சாய்ந்தது. அதில் எனக்குக் குறையே இல்லை. அம்மன் இல்லாத அந்த முற்றத்தை இன்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் சண்டிகேசுவரர் அப்படி வந்தவர் இல்லை. அவரை வடக்கே வைத்தது சிற்பியின் விருப்பம்கூட இல்லை.

அதற்குப் பதில் கருவறைக்குள் இருக்கிறது. லிங்கத்தைப் பாருங்கள். வட்டமான பாணம். அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே வடிவம். மனிதர் செதுக்கிய உருவங்களில் இதைவிட முழுமையான சமச்சீர் எதற்கு இருக்க முடியும்? ஆனால் பாணம் தனியாக நிற்பதில்லை, ஆவுடையார் என்கிற பீடத்தில் நிற்கிறது. ஆவுடையாருக்கு ஒரு மூக்கு உண்டு. அபிஷேகத் தீர்த்தம் வழிய வேண்டுமே! கிழக்கு பார்த்த சன்னிதியில் அந்த மூக்கு வடக்கே திரும்பியிருக்கும். அங்கிருந்து தீர்த்தம் சுவரைத் துளைத்துக் கோமுகி என்கிற கல் வாய் வழியாக வெளியே வருகிறது. கோமுகி வடக்கே வந்ததால் சண்டிகேசுவரரும் அதன் அருகே வடக்கே உட்கார்ந்தார். இறைவனுக்குச் சாத்திய நிர்மால்யம் அவருக்கு உரியது.

ஆக, நாம் ஒரு குடம் பால் ஊற்றுகிறோமே, அதுதான் இந்தக் கோயிலின் ஒழுங்கை ஒரு பக்கம் திருப்பிவிடுகிறது. கல் தன் போக்கில் இரு பக்கமும் சமமாக நிற்கிறது. வழிபாடு நுழைந்ததும் அதற்கு ஒரு திசை வந்துவிடுகிறது. இதை அத்தையிடம் சொன்னதும், "அது சரி. ஊத்துனா எங்கயாவது போய்த்தானே ஆகணும்" என்றார். நான் சுற்றி வளைத்துச் சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தெற்குச் சுவர்க் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தி இருக்கிறாரே, அவருக்கு எதிர்ப்பக்கம் அவரைப் போல் இன்னொருவர் வடக்கில் இல்லை. தெற்கு நோக்கி உட்காருவதுதான் அவர் கோலம். கோட்டங்களின் சட்டகம் இரு புறமும் ஒன்றுதான், உள்ளே இருக்கிற மூர்த்திகள் வேறு. அதுமட்டும் இல்லை. பாதி சிவன், பாதி திருமாலாக அரிகரர் இங்கே நிற்கிறார். பாதி அப்பன், பாதி அம்மையாக அர்த்தநாரீசுவரரும் இருக்கிறார். உடலின் நடுவே ஒரு கோடு இழுத்தால் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதுதான் உடம்பின் இயல்பு. இந்த மூர்த்திகளில் அந்தக் கோட்டுக்கு இப்பால் ஒருவர், அப்பால் ஒருவர். ஒரு காதில் குழை, ஒரு காதில் தோடு. ஒரு பக்க இடுப்பு நேராக இறங்குகிறது, மறுபக்கம் வளைகிறது. என்றாலும் பார்க்கிறபோது எங்கேயும் ஒட்டுப் போட்டதாகத் தெரியவில்லை. ஒன்றுக்கொன்று மாறான இரண்டு பாதிகளை இவ்வளவு அமைதியாக ஓர் உருவத்தில் நிறுத்திய சிற்பியின் கையை என்னவென்று கும்பிடுவது!

இன்னொன்று நம் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது. விமானத்தின் மேல்தளத்தில், கருவறையைச் சுற்றிய உட்சுவரில், நாட்டியத்தின் 108 கரணங்களுக்கும், அதாவது ஆடல் நிலைகளுக்கும், கல் பதித்திருக்கிறார்கள். சிவனே ஆடிக்காட்டுவதாக 81 கரணங்கள் செதுக்கியாயிற்று. மிச்சக் கற்கள் வெறுமையாக அப்படியே இருக்கின்றன. மேலே போக நமக்கு அனுமதி இல்லை. விமானத்தை வலம் வரும்போது, தலைக்கு மேல் அந்த ஆட்டம் பாதியில் நிற்பதை நினைத்துக்கொள்வேன்.

வலம் வருவது என்றேன். அதற்கும் ஒரே திசைதான். இறைவன் எப்போதும் நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். கட்டடம் இரு பக்கமும் சமமாக இருக்கிறதே, எந்தப் பக்கமாகச் சுற்றினால் என்ன என்று காலுக்குத் தோன்றுவதில்லை. பழக்கம் அப்படி. ஆனால் பிரதோஷத்தன்று இந்த விதி மாறும்.

அன்றைக்குச் செய்வது சோமசூத்திரப் பிரதட்சிணம். நந்தியிடமிருந்து தொடங்கி, முதலில் இடமாகப் போக வேண்டும். சண்டிகேசுவரர் வரை போய், வணங்கி, வந்த வழியே நந்திக்குத் திரும்ப வேண்டும். பிறகு வலமாகச் சுற்றிக் கோமுகி வரை. அதைத் தாண்டாமல் மறுபடி திரும்ப வேண்டும். ஆலகாலம் எழுந்தபோது தேவர்கள் கயிலையை வலமாகச் சுற்றி ஓட, விஷம் எதிரே வந்ததாம். இடமாகத் திரும்பினால் அங்கேயும் எதிரே வந்ததாம். போக்கிடம் இல்லாமல் இப்படியும் அப்படியும் அலைந்த அந்தத் தவிப்பைத்தான் நாம் நடந்து காட்டுகிறோம். எந்தப் பக்கம் போனாலும் தீர்த்தம் வழிகிற அந்த இடத்தில் நின்று திரும்ப வேண்டும். கோமுகிதான் எல்லை.

பெரிய கோயில் முற்றத்தில் பிரதோஷக் கூட்டம் பெரும்பாலும் நந்தி மண்டபத்தைச் சுற்றித்தான். பால், தயிர், மஞ்சள், சந்தனம் என்று நந்தியின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் விமானத்தின் வடபுறம் ஓரளவு காலியாக இருக்கும். இடமாகத் திரும்பி, மேற்கே சண்டிகேசுவரரை நோக்கி நடந்தோம். விமானச் சுவர் அன்று எங்கள் இடக்கைப் பக்கம் இருந்தது. அப்போதுதான் ஒன்று பிடிபட்டது.

விமானத்தின் அடிவரிசைக் கற்களில் முழுக்கக் கல்வெட்டு. வலம் வருகிறபோது அதைத் தொடர்ச்சியாகப் படிக்கவே முடியாது. எழுத்து இடமிருந்து வலமாக ஓடுகிறது. நாமோ சுவரைப் பார்த்து நின்றால் இடப்பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறோம். வரியின் கடைசியிலிருந்து ஆரம்பத்துக்குப் போகிற நடை அது. ராஜராஜனின் ஆணையைச் சொல்கிற முதல் பெரிய கல்வெட்டு வடபுறத்தில் தொடங்கி மேற்குச் சுவருக்குத் திரும்புகிறது. அதாவது, வலம் வருகிறவருக்கு எதிராக வருகிறது. பிரதோஷத்தன்று இடமாக நடக்கிறபோது மட்டும் நம் காலும் அந்த எழுத்தும் ஒரே திசையில் போகின்றன. செதுக்கியவர்கள் இதை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ் எழுத்து ஓடுகிற திசையும் பிரதட்சிணத்தின் திசையும் அப்படி அமைந்துவிட்டன, அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அச்சில் வந்த பாடத்தை எடுத்துப் போயிருந்தேன். புள்ளி வைக்காத பழைய எழுத்து. ட, ப போன்றவை இன்றைக்கும் அதே சாயலில் இருப்பதால் அவற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரலாம். தஞ்சாவூரில் நாம் எடுப்பித்த திருக்கற்றளிக்கு, அதாவது கற்கோயிலுக்கு, "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்", இன்னும் பிறர் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்கிறான் அரசன். அத்தைக்காக உரக்கப் படித்தேன்.

"அக்கன்னா?"

"அவரோட அக்கா, குந்தவை."

அத்தை சற்று நேரம் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தனக்கு அடுத்தபடியா கூடப்பொறந்தவளப் போட்டிருக்கான். பொண்டாட்டிங்கள்லாம் அப்புறம்தான்" என்றார். என் அப்பாவின் அக்கா அவர். அந்தக் குரலில் இருந்த நிறைவை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அவரே, "மத்தவங்க குடுத்ததும் வெட்டச் சொன்னானே, அதுவும் இங்க இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. அதிகாரிகள் கொடுத்த செப்புத் திருமேனிகள், விளக்குக்கு விட்ட ஆடு மாடுகள், நகைகளின் எடை என்று சுவர்களிலும், முற்றத்தைச் சுற்றி ஓடுகிற திருச்சுற்றின் தூண்களிலும் வெட்டியிருக்கிறார்கள். அந்தத் திருச்சுற்று மாளிகையை, அரசன் ஆணைப்படி எடுப்பித்த சேனாபதி கிருஷ்ணன் ராமனின் பெயரும் கல்லில் இருக்கிறது.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது அங்கே உங்களிடம் சொல்வார்கள். நன்றாகவே விழுகிறது. சாயங்காலம் அது கிழக்கே நீண்டு முற்றத்தில் கிடக்கும், வெயிலுக்கு அதில்தான் உட்காருவோம். இந்தக் கோயிலுக்கு அப்படிப்பட்ட கதைகள் தேவையே இல்லை. 1010இல் ராஜராஜன் விமானத்தின் உச்சிக்குப் பொற்கலசம் கொடுத்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. அது போதாதா?

பிரதோஷத்துக்குப் போகிறவர்கள் மாலை 4 மணிக்கு நடை திறக்கும்போதே போய்விடுங்கள். நந்தி அபிஷேகம் தொடங்கிவிட்டால் மண்டபத்தின் பக்கம் நகர முடியாது. நந்தியை வணங்கிவிட்டு, மூலவரைப் பார்த்து நின்றால் உங்கள் வலக்கைப் பக்கம் வடக்கு. முதல் சுற்றுக்கு அந்தப் பக்கம் போங்கள். பெரியநாயகி அம்மன் சன்னிதி வழியிலேயே வரும். அம்மனைப் பார்த்துவிட்டு விமானத்தை நெருங்கியதும் சுவரோரமாகவே நடங்கள். எழுத்து உங்களோடு வரும். வெளிச்சம் மங்குவதற்குள் படித்துவிட வேண்டும், ஆறு மணிக்கு மேல் கல்லில் எதுவும் தெரியாது.