வெள்ளவத்தை முதல் ஸ்காபரோ வரை

கனடாவில் இருக்கும் அக்காவிடம் போக ரிக்கெற் போட்ட நாளிலிருந்து அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு நேரம் இருக்கவேணும்?" அவருக்கு 74 வயது, முழங்கால் வலி. எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கு எனக்குத்தான் தேவைப்பட்டது.

கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோ பியர்சன் விமான நிலையம் நேர்வழியில் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். கட்டுநாயக்கா, கிறீன்விச் வழியாகப் போகும் பூச்சிய நெடுங்கோட்டுக்குக் கிழக்கே 79.9 பாகை, பியர்சன் மேற்கே 79.6 பாகை. அந்தக் கோட்டின் இரு புறமும் ஒரே அளவு தள்ளித்தான் அக்காவும் நாங்களும் இருக்கிறோம் என்று அன்றுதான் தெரிந்தது. சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்த்தால் ஆபிரிக்காவைத் தாண்டி மேற்கே போகவேண்டும் போலத் தோன்றும். அண்ணன் மகனின் பூகோள உருண்டையை எடுத்து, தையல் நூலின் ஒரு முனையைக் கொழும்பிலும் மறு முனையை ரொறன்ரோவிலும் பிடித்து இறுக்கினேன். நூல் வடக்கே ஏறிவிட்டது. ராஜஸ்தான், ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, நோர்வேயின் மேல் நுனி, கிறீன்லாந்து. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நூலின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "வடக்காலயோ போறது?"

எங்களுக்கு நேரடி விமானம் இல்லை, டுபாயில் மாறினோம். கொழும்பு–டுபாய் சுமார் 3,300 கிலோமீற்றர், அங்கிருந்து ரொறன்ரோ சுமார் 11,100. நேர்வழியைவிட 400 கிலோமீற்றர்தான் கூட. அவ்வளவு தூரத்தில் அது ஒன்றுமே இல்லை. பறப்பும் நாலரையும் பதினாலுமாகப் பதினெட்டரை மணித்தியாலம்தான். ஆனால் அம்மாவின் கேள்விக்கு அது பதில் ஆகாது. கொழும்பு வெள்ளவத்தையில் பின்னேரம் 4 மணிக்குக் கதவைப் பூட்டினோம். கட்டுநாயக்காவில் விமானம் ஏறியது இரவு எட்டரைக்கு. டுபாயில் நாலு மணித்தியாலம். பியர்சனில் இறங்கும்போது காலை ஒன்பதரை. குடிவரவு, பெட்டி, 401 நெடுஞ்சாலை எல்லாம் முடிந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அக்கா வீட்டுப் படியேற மதியம் 12. கோடையில் இரண்டு ஊருக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். அதையும் சேர்த்தால் வாசலிலிருந்து வாசலுக்கு இருபத்தொன்பதரை.

டுபாயில் ஒன்றரை மணித்தியாலத்தில் மாறும் ரிக்கெற் மலிவாகவும் கிடைத்தது. வயதானவர்களோடு போகிறவர்கள் அதை எடுக்காதீர்கள். சக்கர நாற்காலி வரக் காத்திருக்கவேண்டும், கழிவறைக்குப் போகவேண்டும், வீங்கின காலை நீட்டிக் கொஞ்சம் நடக்கவேண்டும். அந்த நாலு மணித்தியாலம் இல்லாவிட்டால் அடுத்த பதினாலை அம்மா தாங்கியிருக்கமாட்டார். திரும்பும்போது மேல்காற்று மேற்கிலிருந்து தள்ளுவதால் அந்த நீளப் பறப்பு ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் குறையும். அதைச் சொன்னதும் அவருக்குப் பெரிய ஆறுதல்.

கிறீன்லாந்தின் தென்முனைக்கு மேலே போகும்போது எல்லாரும் நித்திரை. அம்மா யன்னல் மறைப்பை நாலு விரல் அளவுக்கு உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். கண்ணைக் கூசும் வெள்ளை. என் கையைச் சுரண்டினார். "உங்கை பார் பிள்ளை, ஆனையிறவு உப்பளம் மாதிரிக் கிடக்கு."

முதல் இரவு இரண்டு மணிக்கு அக்கா வீட்டுக் குசினியில் வெளிச்சம். எழும்பிப் போய்ப் பார்த்தேன். அம்மா அரிசி கழுவிக்கொண்டு நின்றார். வெள்ளவத்தையில் அப்போது பகல் பதினொன்றரை.