பயணப்படிப் படிவத்தில் விடுபட்டிருந்த ஒரு கட்டம்

மதுரை காளவாசலில் இருக்கும் எங்கள் கிளை அலுவலகத்தில் நான் கணக்குப் பார்க்கிறேன். வங்கிக் கிளைகளிலும் ஏ.டி.எம். அறைகளிலும் இருக்கும் யு.பி.எஸ். கருவிகளைப் பராமரிப்பது நிறுவனத்தின் தொழில். அதற்காக ஒன்பது சர்வீஸ் பொறியாளர்கள் உசிலம்பட்டி, தேனி, மேலூர், சிவகங்கை, விருதுநகர் என்று நாள்தோறும் தங்கள் சொந்த வண்டியில் போய்வருகிறார்கள். மாதக் கடைசியில் அவர்கள் எழுதித் தரும் பயணப்படிப் படிவங்கள் என் மேசைக்கு வந்துசேரும். அலுவலகத்தில் அதை யாரும் பயணப்படி என்று சொல்வதில்லை. 'பெட்ரோல் காசு' என்பதுதான் வழக்கு. பாதிச் சிக்கல் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம். கொடுக்கிறவர் பெட்ரோலுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார். வாங்குகிறவரோ வண்டியில் ஊற்றிய பெட்ரோல் முழுவதற்கும் ரசீது வைத்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் இது தொலைவுக்குத் தரப்படும் பணம். அதுவும் வேலையின் பொருட்டு, வழக்கமான பணியிடத்தைவிட்டு வேறு இடத்துக்குப் போன தொலைவுக்கு மட்டும் தரப்படும் பணம்.

வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வருவதும் திரும்புவதும் இதில் சேராது என்பதைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். வருமான வரிச் சட்டமும் இந்த இரண்டையும் நெடுங்காலமாக வெவ்வேறாகவே பார்த்து வந்திருக்கிறது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான போக்குவரத்துக்கென்று மாதம் 1,600 ரூபாய் வரை வரிவிலக்கு இருந்தது. 2018 ஏப்ரலிலிருந்து அதை நீக்கிவிட்டு, மருத்துவச் செலவுக்கான விலக்கையும் சேர்த்து, சம்பளத்திலிருந்து கணக்குக் காட்டாமலே கழித்துக்கொள்ளும் 40,000 ரூபாய் நிலைக்கழிவாக (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) மாற்றினார்கள். ஆனால் பணியின் நிமித்தம் வெளியே போய்வரும் செலவுக்கு நிறுவனம் தரும் படி 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(14) பிரிவின் கீழ் தனியாக நின்றது. உண்மையில் செலவான அளவுக்கு அதற்கு வரி கிடையாது. பெரும்பாலான விலக்குகள் இல்லாத புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்த விலக்கு தொடர்ந்தது என்பதை எங்கள் பையன்களில் பலர் அறிந்திருக்கவில்லை.

இதுவரை சொன்னதில் யாருக்கும் மாறுபாடு இருக்காது. தகராறு வருவதெல்லாம் அலுவலகத்துக்கு வராமல் வீட்டிலிருந்து நேராக வெளியூர்க் கிளைக்குப் போகிற நாட்களில்தான். எங்கள் பொறியாளர் ஒருவர் திருநகரில் குடியிருக்கிறார். திருமங்கலத்தில் ஒரு வங்கிக் கிளையில் காலை ஒன்பது மணிக்கே யு.பி.எஸ். நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தால், அவர் வடக்கே காளவாசலுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் தெற்கே போவதில் பொருளே இல்லை, நேராகப் போய்விடுவார். ஆனால் படிவத்தில் காளவாசலிலிருந்து திருமங்கலத்துக்கு என்று முழுத் தொலைவையும் எழுதுவார். கேட்டால், "அக்கா, ஆபீஸ்ல இருந்து போனா இவ்வளவுதானே வந்திருக்கும்? நான் போகாதது என் சாமர்த்தியம்" என்பார். மறுபக்கம், ஒத்தக்கடையில் குடியிருக்கிற இன்னொருவர் உசிலம்பட்டிக்குப் போகும்போது எப்படியும் ஊரைக் கடந்து, காளவாசல் வழியாகத்தான் தேனி சாலையைப் பிடித்தாக வேண்டும். அவர் ஒத்தக்கடையிலிருந்தே கிலோமீட்டர் எழுதுவார். ஒருவர் அலுவலகத்திலிருந்து கணக்குக் கேட்கிறார், மற்றவர் வீட்டிலிருந்து கேட்கிறார், இருவருமே தமக்கு நீளமாக வருகிற கோட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதை நான் ஏமாற்று என்று ஒருபோதும் சொன்னதில்லை, ஏனென்றால் எங்கள் படிவத்தில் சென்ற இடத்துக்குக் கட்டம் இருந்ததே தவிர, எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை.

பல அலுவலகங்களில் கடைப்பிடிக்கிற வழக்கத்தை நானும் கொண்டுவந்தேன்: வீட்டிலிருந்து போன தொலைவு, அலுவலகத்திலிருந்து போயிருந்தால் வந்திருக்கக்கூடிய தொலைவு, இரண்டில் எது குறைவோ அது. இதன்படி திருநகர்க்காரருக்குத் திருநகரிலிருந்தும், ஒத்தக்கடைக்காரருக்கு உசிலம்பட்டிக்குப் போகும்போது காளவாசலிலிருந்தும், அவரே மேலூருக்குப் போனால் ஒத்தக்கடையிலிருந்தும் கணக்கு. ஒரு மாதம் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிப்போயிற்று. அரசு ஊழியர்களுக்கு இந்த எல்லைக்கோடு இன்னும் தெளிவாக வரையப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் விதிகளில் பணியிடத்திலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் போனால்தான் உள்ளூர்ப் பயணத்துக்குப் படி கேட்கவே முடியும். எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்தில் அப்படியொரு எல்லை வைத்தால் நகருக்குள்ளேயே நாளெல்லாம் சுற்றுகிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

அடுத்த சிக்கல் எனக்கே நேர்ந்தது. தேனியில் உள்ள எங்கள் உதிரிபாகக் கிடங்கில் இருப்புக் கணக்கைச் சரிபார்க்கப் போய்வரும்படி தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். இரண்டு வாரம் என்றார்கள். ஏழு வாரம் ஆயிற்று. நாகமலை புதுக்கோட்டையில் என் வீடு. தேனி சாலையிலேயே இருப்பதால் காலையில் அங்கேயே பேருந்து ஏறிக்கொள்வேன். 2022 மே மாதத்திலிருந்து மதுரைக்கும் தேனிக்கும் இடையே ரயில் மீண்டும் ஓடுகிறது என்றாலும், அதற்காக நான் ஊருக்குள் எதிர்த்திசையில் போக வேண்டியிருந்ததால் இரண்டு நாளோடு விட்டுவிட்டேன். முதல் மாதத்துப் படி குறைவில்லாமல் வந்தது. இரண்டாம் மாதத்தில் மொத்தத்தையும் வெட்டிவிட்டு, 'தற்போதைய பணியிடம் தேனி' என்று ஒரு வரி எழுதி அனுப்பினார்கள். அதாவது தொடர்ந்து ஒரே இடத்துக்குப் போனதால் அதுவே என் வழக்கமான பணியிடமாகிவிட்டது, வீட்டிலிருந்து பணியிடத்துக்குப் போவதற்குப் படி கிடையாது என்பது அவர்கள் வாதம். நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த விதியை எனக்கே திருப்பிச் சொன்னார்கள்.

கோபம் அடங்கிய பிறகு யோசித்தால் அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருப்பது புரிந்தது. தற்காலிகப் பணி எங்கே முடிந்து மாறுதல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஏதாவது ஓர் அளவு வேண்டும். மத்திய அரசில் தற்காலிக மாறுதல் 180 நாளைத் தாண்டாதவரை அதைச் சுற்றுப்பயணமாகவே கருதிப் படி தருகிறார்கள். எங்களிடம் அப்படி எந்த அளவும் எழுதப்படவில்லை. என்னை அனுப்பிய ஆணையும் எழுதப்படவில்லை. 'இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை, தற்காலிகமாக, இந்த வேலைக்காக' என்று ஒரு மின்னஞ்சல் மட்டும் என் கையில் இருந்திருந்தால் அந்தப் பணத்தை வாங்கியிருப்பேன். இப்போது யாரை ஒரு வாரத்துக்கு மேல் வெளியூருக்கு அனுப்பினாலும், அந்த மின்னஞ்சல் வராமல் அவர்களைக் கிளம்பவிடுவதில்லை.

கிலோமீட்டருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் நிறுவனம் வெகுநாள் 2 ரூபாய் 50 காசு கொடுத்துக்கொண்டிருந்தது. 2020 தொடக்கத்தில் 80 ரூபாய்க்குக் கீழே இருந்த பெட்ரோல் 2021 நடுவில் 100 ரூபாயைத் தாண்டியபோதும் அந்தத் தொகை அசையவில்லை. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு 101 ரூபாய் விலையில் பெட்ரோல் செலவு கிலோமீட்டருக்கு 2 ரூபாய்தானே ஆகிறது, இன்னும் 50 காசு மிச்சம்தானே என்று மேலாளர் கேட்டார். அவர் கேட்டதற்குப் பதிலாக எங்கள் பொறியாளர் ஒருவரிடம் ஐந்தாண்டுக் கணக்கை வாங்கி உட்கார்ந்து எழுதினேன். அவர் வண்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றி சர்வீஸ் விட்டதில் கிலோமீட்டருக்கு 30 காசு. டயர், செயின், பிரேக், பேட்டரி எல்லாம் சேர்ந்து 35 காசு. காப்பீடு 13 காசு. 90,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டியை 75,000 கிலோமீட்டர் ஓட்டிய பின் 30,000 ரூபாய்க்கு விற்றார். அந்தத் தேய்மானம் மட்டும் கிலோமீட்டருக்கு 80 காசு. பெட்ரோலோடு சேர்த்தால் 3 ரூபாய் 60 காசு. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 10 காசை அவர் தன் கையிலிருந்து நிறுவனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் வண்டியை விற்கும் நாள் வரை தெரியாமல். இந்தத் தாளைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். 3 ரூபாய் 25 காசாக உயர்த்தினார்கள். முழுமையாகக் கிடைக்கவில்லை என்றாலும் கெஞ்சிக் கேட்டிருந்தால் இதுவும் வந்திருக்காது.

ஆதாரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வண்டியின் ஓடோமீட்டர் எண்ணைப் புறப்படும்போதும் திரும்பியதும் ஒரு நோட்டில் எழுத வேண்டும், அன்றே எழுத வேண்டும். மாதக் கடைசி இரவில் நினைவிலிருந்து எழுதப்படும் படிவம் எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், ஏனென்றால் அதில் எல்லாப் பயணங்களும் பூஜ்ஜியத்திலோ ஐந்திலோ முடியும். அடிக்கடி போகும் கிளைகளுக்கான தொலைவை ஒரு முறை அளந்து சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதற்கு மேல் எழுதினால் காரணம் வேண்டும். காரணம் இருக்கத்தான் செய்யும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் வண்டி நுழைய முடியாது. அன்று சுற்றுச்சாலையைப் பிடித்து மேலூருக்குப் போன பையன் 10 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக எழுதியிருந்தார். குறிப்பில் 'அழகர்' என்று ஒரே சொல்தான் இருந்தது. அப்படியே ஏற்றுக்கொண்டேன்; மதுரையில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெட்ரோல் பங்கில் தரும் ரசீதும் பேருந்துச் சீட்டும் வெப்பத்தால் அச்சாகிற தாளில் வருவதால், சட்டைப் பையில் நான்கு நாள் கிடந்தால் எழுத்தெல்லாம் மறைந்து வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய உடனே கைப்பேசியில் படம் எடுத்துவிடச் சொல்கிறேன். பேட்டரிகளைக் 'குட்டி யானை' என்கிற சிறிய சரக்கு வண்டியில் ஏற்றி விருதுநகருக்கு அனுப்பும் நாளில் கப்பலூர்ச் சுங்கக் கட்டணம் தனி வரியாக எழுதப்பட வேண்டும். பாஸ்டேக் அறிக்கையே அதற்கு ஆதாரம். இருசக்கர வண்டிக்கு அங்கே கட்டணமே கிடையாது என்று தெரிந்தும் ஒருவர் அதை எழுதியதுண்டு, அது வேறு கதை. எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருவர் வசூலுக்காக ஊருக்குள் நகரப் பேருந்தில் போய்வருவார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், அவர் மாதாமாதம் பூஜ்ஜிய ரூபாய்ச் சீட்டுகளை நேர்த்தியாகப் பின் அடித்துக் கொடுப்பார். கூட்டிப் பார்ப்பதற்கு எனக்குப் பிடித்த படிவம் அதுதான்.

இத்தனை தாள் வேலை எதற்கு, ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுத்துவிட்டு விட்டுவிடலாமே என்ற யோசனை ஒரு முறை வந்தது. நான் எதிர்த்தேன். தேனிப் பக்கம் ஓடுகிறவர் நட்டப்பட்டு நகருக்குள் இருப்பவர் லாபம் அடைவார் என்பது ஒரு காரணம். செலவு செய்ததற்குக் கணக்கில்லாமல் கொடுக்கிற தொகை காலப்போக்கில் சம்பளம் போலவே பார்க்கப்படும், வரியும் வரும் என்பது இன்னொன்று. ஆனால் என் மனத்தில் இருந்தது வேறொரு நாள். ஆண்டிப்பட்டிக் கணவாயில் மழையில் வண்டி சறுக்கி எங்கள் பையன் ஒருவருக்குக் காலில் எலும்பு முறிந்தது. வேலையாகப் போனபோது அடிபட்டதா, சொந்த வேலையாகப் போனபோதா என்று இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு விண்ணப்பத்தின்போது கேள்வி வந்தது. அன்று காலை 8.10க்கு அவர் எழுதிய ஓடோமீட்டர் எண்ணும், 'ஆண்டிப்பட்டி, பேட்டரி மாற்ற' என்ற குறிப்பும் அந்த நோட்டில் இருந்தன. அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்தோம். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

புதிய படிவம் இந்த ஆண்டு அச்சாகி வந்திருக்கிறது. தேதிக்கு அடுத்த கட்டத்தில் 'புறப்பட்ட இடம்' என்று போட்டிருக்கிறோம். அதன் கீழே சிறிய எழுத்தில் 'வீடு / அலுவலகம்'. திருநகர்க்காரர் முதல் மாதப் படிவத்தில் எல்லா வரியிலும் 'வீடு' என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் மட்டும் 'அலுவலகம் (உண்மையாகவே, அக்கா)' என்று எழுதியிருந்தார்.