‘வேர்டுக்கு எவ்வளவு?’: விளம்பர எழுத்துக்கு ரேட் போடுவதில் பட்டதும் பிடிபட்டதும்

ஒரு வழியாக ஒரு விளம்பர ஏஜென்சிக்குப் போட்ட பில்லுக்குப் பணம் வந்துவிட்டது. பத்து சதவீதம் வரி பிடித்தது போக, நாலு பேரைக் கேட்டு, ‘அக்கவுண்ட்ஸில் அனுப்பிட்டோம்’ என்ற பதிலைப் பலமுறை கேட்ட பிறகு. ஃப்ரீலான்ஸாகத் தமிழ் விளம்பர வாசகம் எழுதுகிறவர்கள் எங்கெல்லாம் அடிபடுகிறோம் என்பதைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவைக்கிறேன்.

ஏஜென்சியிலிருந்து வரும் முதல் கேள்வி ‘வேர்டுக்கு எவ்வளவு சார்?’ என்பதுதான். இதற்கு எண் சொல்லவே சொல்லாதீர்கள். தீபாவளி ஹோர்டிங்குக்கு நாலு சொல்லில் வாசகம் கேட்பார்கள். சொல்லுக்கு 2 ரூபாய் என்றால் பில் 8 ரூபாய். 30 விநாடி ரேடியோ ஸ்பாட்டில் 50 சொல்லைத் தாண்டினால் குரல் கொடுப்பவருக்கு மூச்சு வாங்கும். அந்த ஐம்பதுக்குள் கடைப் பெயர் இரண்டு தடவை, கிளைகள், தள்ளுபடி தேதி எல்லாம் அடங்க வேண்டும். இணையதளப் பக்கம் என்றால் வேறு சிக்கல்: 1000 சொல் ஆங்கில மூலம் தமிழில் 700 சொச்சத்தில் முடிந்துவிடும், அவர்கள் எண்ணுவதோ தமிழ்ப் பக்கத்தை. ‘வாங்கிக்கொள்ளலாம்’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்தால் இரண்டு. ஒழுங்காக எழுதுகிறவனுக்குத்தான் கூலி குறைவு! சொல் கணக்கைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் ‘ஆங்கில மூலத்தின் சொல் எண்ணிக்கைப்படி’ என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.

நமக்குள் வைத்துக்கொள்ள வேண்டியது மணிக்கணக்கு. வீட்டுச் செலவு 45,000, நெட், கரண்ட், லேப்டாப் தேய்மானம் 5,000, மருத்துவக் காப்பீடு 2,000, வேலை வராத மாதத்துக்கான ஒதுக்கு 14,000 என்று வைத்தால் மாதம் 66,000 வேண்டும். 22 நாள் உட்கார்ந்தாலும் பில் போடத்தக்க நேரம் நாளுக்கு 4 மணிதான். மிச்சமெல்லாம் போன், கொட்டேஷன், வசூல். 88 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 750. எட்டு மணி நேரம் என்று வைத்து வகுக்கிறவர்கள் 375 ரூபாயில் போய் நிற்பார்கள், ஆறாவது மாதத்தில் வேலை தேடுவார்கள். ஒரு பொருள் விவரப் பக்கத்துக்குத் திருத்தம் உட்பட 3 மணி ஆகும், ஆக 2,250. வெளியே சொல்ல வேண்டியது இந்தப் பக்க ரேட்டை மட்டும். மணி ரேட்டைச் சொன்னால் ‘இதுக்கு மூணு மணி நேரமா?’ என்று பேரம் தொடங்கிவிடும்.

பணம் கரைவது திருத்தத்தில். ‘ஒரு சின்ன கரெக்‌ஷன்தான்’ என்று இரவு பதினொரு மணிக்கு வாய்ஸ் நோட் வரும். கேட்டால் ஆடித் தள்ளுபடி வாசகம் வரலட்சுமி நோன்பு வாசகமாக மாற வேண்டுமாம். அது திருத்தமில்லை, புது வேலை. இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்தில் அடங்கும், மூன்றாவது சுற்றுக்கு 25 சதவீதம், பிரீஃப் (என்ன எழுத வேண்டும் என்ற வேலைக் குறிப்பு) மாறினால் புதுக் கொட்டேஷன் என்று போடுகிறேன். திருத்தமெல்லாம் ஒரே மெயிலில், ஒரே ஆளிடமிருந்து வர வேண்டும் என்பதையும் சேருங்கள். முதலாளியின் மச்சான் வாட்ஸ்அப்பில் சொல்வது கணக்கில் வராது.

டிசைனுக்குப் பிறகு பிழை பார்க்கும் ப்ரூஃப் வேலைக்குத் தனியாகப் போடுங்கள், பக்கத்துக்கு 300 ஆவது. நாம் யூனிகோடில் கொடுப்போம். டிசைனர் இன்டிசைன் மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் ஒட்டினால் ‘சலுகை’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவுக்கு மாற்றுகிற அச்சகமாக இருந்தால் நடுவில் இருக்கும் ஆங்கில பிராண்ட் பெயர் தமிழ்க் குப்பையாக மாறும். தமிழ் படிக்கத் தெரியாத டிசைனருக்கு இரண்டும் அழகாகத்தான் தெரியும். ஃபிளெக்ஸ் ஏறிய பிறகு திட்டு மட்டும் எழுதினவருக்கு வரும். பிடிஎஃப் பார்த்து மெயிலில் ஓகே சொல்லாமல் அச்சுக்குப் போனால் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருந்தால் தப்பிக்கலாம்.

முன்பணம் 50 சதவீதம். பஞ்ச் லைன் மாதிரி சின்ன வாசகத்துக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது. ‘பிடிக்கலை’ என்று சொல்லிவிட்டு அதையே போர்டில் மாட்டினால் ஒன்றும் செய்ய முடியாது. நீளமான எழுத்து வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ‘முழுப் பணமும் வந்த பிறகே உரிமை மாறும்’ என்ற வரியை நீக்கச் சொல்கிற ஏஜென்சியிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இனி அக்கவுண்ட்ஸ். வெண்டர் ஃபாரம், பான், கேன்சல் செய்த செக், பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர் எல்லாம் கேட்பார்கள். இதில் பிஓ நம்பரை யாரும் தாங்களாகத் தர மாட்டார்கள், அது இல்லை என்று பில்லைத் திருப்பும்போதுதான் சொல்வார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பில்லில் ஜிஎஸ்டி போடாதீர்கள், பதிவில்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி, பெரிய தலைவலி. 2026 மார்ச் வரை நடப்பிலிருந்த 1961 வருமான வரிச் சட்டத்தில் விளம்பரம் என்பது 194சி (ஒப்பந்த வேலை), 194ஜே (தொழில்முறைச் சேவை) இரண்டு பிரிவிலும் இருந்தது. முதலாவதில் தனிநபருக்கு 1 சதவீதம், இரண்டாவதில் 10. அக்கவுண்ட்ஸ் ஆள் வம்பு வேண்டாமென்று பத்தையே பிடிப்பார். 2025-26 கணக்கில் 194ஜேக்கு ஆண்டு வரம்பு 50,000 ஆக இருந்தது. வரம்புக்குள் இருந்தும் பிடித்தால் கேளுங்கள். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்த பணம் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். ஏப்ரல்–ஜூன் பிடித்தத்துக்கான சான்றிதழ் ஆகஸ்ட் 15க்குள் வர வேண்டும். வரி கட்ட வேண்டியிராதவர்களுக்கு இப்படிப் பிடித்தது ரிட்டர்ன் தாக்கல் செய்யும்வரை முடங்கிய பணம், எனவே ரேட் போடும்போதே நினைவில் வையுங்கள்.

‘எங்க கிளையன்ட் கொடுத்ததும் உங்களுக்கு’ என்பதற்கு மருந்து, குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. அரசுத் தளத்தில் இலவசம். ஏஜென்ட் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள். வேலை தொடங்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும். குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006 குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டியெல்லாம் யாரும் தரப்போவதில்லை. ஆனால் கெடு தாண்டி மார்ச் 31லும் நிற்கிற பாக்கியை அந்த ஆண்டுச் செலவாக ஏஜென்சியால் வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) கொண்டுவந்த விதி இது. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டு, மார்ச் முதல் வாரத்தில் இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரே ஒரு நினைவூட்டல் மெயில் போடுங்கள். அதுவரை போனே எடுக்காத அக்கவுண்ட்ஸ் மேனேஜர் தானே கூப்பிட்டு ‘பேங்க் டீட்டெய்ல்ஸ் அதேதானே சார்?’ என்பார்.