நாலாவது பாட்டில்

"அறுபதாவது நிமிஷ பாட்டில் எங்கம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"எடுக்கல சார். அந்தம்மாவால முடியல."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. அந்த "சரி"க்கு என்ன அர்த்தம் என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கணையம் சரியாகச் சுரக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஊசியில் பிசகில்லை. ஒவ்வாமை வருமா என்று பார்க்க முதலில் ஒரு துளி டோஸ், பிறகு கிலோவுக்கு 0.2 மைக்ரோகிராம் செயற்கை சீக்ரெட்டின், ஒரு நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றினேன். உடம்பு சுரக்கும் ஹார்மோனின் நகல். 27 அமினோ அமிலங்களும் அச்சு அசல். முன்சிறுகுடலுக்கு அமிலம் வந்துவிட்டது என்று கணையத்தை ஏமாற்றுகிறோம். அது நம்பி காரநீரைச் சுரக்கும். வாய் வழியாகக் குடல்வரை இறக்கிய குழாயில் வருவதை 15 நிமிடத்துக்கு ஒரு பாட்டிலாகப் பிடித்து ஐஸில் வைக்க வேண்டும். நாலில் எதில் பைகார்பனேட் என்ற காரப்பொருள் அதிகமோ, அதுதான் கணக்கு. 80-ஐத் தொடாவிட்டால் சுரப்பு குறைவு.

மூன்றாவது பாட்டில் நிறைந்த சிறிது நேரத்தில் அந்த அம்மா கைகூப்பினார். வாயில் குழாய் இருக்கும்போது வேறெப்படிக் கேட்பார்? ஓங்கரித்து ஓங்கரித்துக் கண்ணெல்லாம் நீர். குழாயை உருவிவிட்டேன். பலருக்கு உச்சம் அதற்குள் வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். சாயங்காலம் வந்த ரிசல்ட் அப்போது தெரியாது: 58, 71, 76.

ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. நாலாவது 80-ஐத் தாண்டியிருக்குமா? இறங்கியும் இருக்கலாம். இரைப்பை அமிலம் கசிந்து கலந்திருந்தால் மூன்றாவதே குறைத்துக் காட்டியிருக்கும். அவரைக் கஷ்டப்படுத்தாமல் விட்டது சரிதான் என்று சில நாள் தோன்றும். 15 நிமிடப் பொறுமை இல்லாமல் போனது அவருக்கா எனக்கா என்றும் தோன்றும்.

இப்போது அந்த அம்மா சாப்பாட்டோடு செரிமான நொதி மாத்திரை எடுக்கிறார். வயிறு பரவாயில்லை என்கிறாராம். அதில் ஆறுதல் தேடினேன். ஆனால் சீக்ரெட்டின் சொல்வது காரநீரைப் பற்றி. நொதியை உசுப்பிப் பார்க்க கோலிசிஸ்டோகைனின் வகை ஊசி வேண்டும். அதை நாங்கள் போடவே இல்லை.

போன வாரம் இன்னொருவர் கைகூப்பினார், 52-வது நிமிடத்தில். நான் குழாயை எடுக்கவில்லை. எட்டு நிமிடமும் அவர் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இரண்டாவது பாட்டிலிலேயே 94.