இராணிப்பேட்டைக் கிணறுகளின் குரோமிய வரைபடம்

இராணிப்பேட்டையில் 1970களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இயங்கி மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று, ஒன்றரை இலட்சம் டன்னுக்குக் குறையாத கழிவைத் தன் வளாகத்திலேயே விட்டுச் சென்றது. அதைச் சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகளிலிருந்து நீர் எடுத்து, எந்தக் கிணற்றில் எவ்வளவு குரோமியம் இருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்கும் பணியில் நான் இருந்தேன். வரைபடத்தில் நிறம் பூசுவது எவ்வளவு பொறுப்பான செயல் என்பதை அந்தப் பணியில்தான் உணர்ந்தேன்.

குரோமியம் என்று மட்டும் சொன்னால் பாதிச் செய்திதான். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீரோடு வெகுதூரம் போகாது. குரோமேட் கழிவில் இருப்பதோ ஆறு இணைதிறன் கொண்டது. காரத்தன்மையுள்ள நீரில் எளிதில் கரைந்து, நிலத்தடி நீர் போகும் திசையிலேயே அதுவும் போகும். நச்சுத்தன்மையும் மிக அதிகம். அளவு கூடும்போது நீர் மஞ்சளாகத் தெரியும். ஆனால் இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு வகுத்துள்ள மொத்தக் குரோமிய வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த அளவில் நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். காய்ச்சினாலும் குரோமியம் போகாது. "தண்ணி தெளிவாத்தானே இருக்கு, சார்" என்று வீட்டுக்கு வீடு சொல்லும்போது, அந்த நம்பிக்கையைக் கலைக்க வேண்டியிருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாகவே இருந்தது.

மாதிரி எடுப்பதில் அவசரம் கூடாது. ஆழ்துளைக் கிணறு என்றால், குழாயில் தேங்கிய பழைய நீர் வெளியேறி மின்கடத்துதிறன் நிலைபெறும்வரை மோட்டாரை ஓடவிட வேண்டும். மொத்த உலோகத்துக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான புட்டியில் அதைச் செய்தால் அது மூன்று இணைதிறன் கொண்டதாக மாறி, நஞ்சுள்ள கிணறும் நல்ல கிணறாகப் பதிவாகிவிடும். ஆகவே அதற்கெனத் தனிப் புட்டி வைத்து, கிணற்றடியிலேயே வடிகட்டி, குளிர்பெட்டியில் வைத்து, அன்றன்றே ஆய்வகத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே டைஃபினைல் கார்பசைடு சேர்த்ததும் எழும் செந்நீலத்தின் அடர்த்தியை அளந்து அளவைக் கணக்கிடுவார்கள்.

பணியில் கடினமான பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மென்பொருளில் அளவீடுகளை இட்டால், இரண்டு கிணறுகளுக்கு இடைப்பட்ட நிலத்துக்கும் அதுவே மதிப்புகளை ஊகித்து, சிவப்பிலிருந்து பச்சைவரை சீராக நிறம் பூசித் தந்துவிடும். பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கும், அதிகாரபூர்வமாகவும் தோன்றும். பாலாற்றை ஒட்டிய மணற்படுகையில் அந்த ஊகத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. மணலில் நீர் பரவலாக நகர்கிறது. அதற்கு அப்பால் அடியில் இருப்பதெல்லாம் கடும்பாறை. மேலே சிதைந்த பாறையின் அடுக்கு, அதற்குக் கீழே வெடிப்புகள்; நீர் அந்த வெடிப்புகளின் வழியாகத்தான் ஓடுகிறது. ஒரே வரப்பின் இரு பக்கத்திலும் உள்ள கிணறுகளில் ஒன்று மாசுபட்டும் மற்றொன்று நன்றாகவும் இருப்பது அங்கே சாத்தியம். அத்தகைய நிலத்தில் சீரான நிறம் பூசுவது, அளக்காததை அளந்ததாகச் சொல்வதற்குச் சமம்.

முந்தைய ஆய்வொன்றின் வரைபடத்தை ஊர்க் கூட்டத்தில் விரித்தபோது, முதியவர் ஒருவர் தம் நிலத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்து, "எங்க கெணறு பச்சையில வருதே சார், ஆனா எங்க கெணத்துல யாரும் தண்ணி மொண்டுக்கிட்டுப் போகலையே" என்றார். அவர் குடும்பம் அந்த நீரைத்தான் குடித்து வந்தது. அளவீடு இல்லாமலேயே அதற்கு நல்ல கிணறு என்ற சான்று கிடைத்திருந்தது.

வங்கதேசத்தில் ஆர்சனிக்குக்காக ஏறத்தாழ 50 இலட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்தபோது, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். அந்த வண்ணம் கிணற்றின் மீதே பூசப்பட்டது. இடைப்பட்ட நிலத்தின் மீது பூசப்படவில்லை. குடிப்பவருக்கு வேண்டியது தம் கிணற்றைப் பற்றிய விடை. வட்டாரச் சராசரி அவருக்கு எதற்கும் உதவாது.

ஆகவே பாறைப் பகுதியில் நிறப்பரப்பை நீக்கிவிட்டு, கிணறுகளைப் புள்ளிகளாக மட்டும் காட்டலாம் என்று வாதிட்டேன். வரைபடம் அரைகுறையாகத் தெரியும் என்ற எதிர்ப்பு எழுந்தது. அரைகுறைதான் உண்மை நிலை என்பதில் நான் உறுதியாக நின்றேன். ஒவ்வொரு புள்ளியோடும் கிணற்றின் ஆழமும் நீர் எடுத்த தேதியும் இடம்பெற்றன. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கழிவிலிருந்து புதிதாகக் கரைந்து வருவதும் உண்டு, மழைநீர் சேர்ந்து செறிவு குறைவதும் உண்டு. கோடையில் எடுத்த ஓர் எண்ணை ஆண்டு முழுவதற்கும் பொருத்திவிட முடியாது.

சோதிக்காத கிணறுகளை வெற்று வட்டங்களாகக் குறித்தோம். அடுத்த பருவத்துக்கான பட்டியலை அவற்றிலிருந்தே தொடங்கினோம்: முதலில் குடிப்பதற்குப் பயன்படும் கிணறுகள், அவற்றிலும் கழிவு மேட்டிலிருந்து பாலாற்றை நோக்கி நீர் சரியும் பக்கத்தில் உள்ளவை, அதன்பின் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் கிணறுகள், பாசனத்துக்கு மட்டுமான கிணறுகள் கடைசியில்.